நாரி (கீழ் முதுகு) நோவும் விழுகையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முரசுமோட்டை அக்கா: அம்மாவுக்குக் கன நாளாக நாரி நோ. இப்போது வயல் வரம்பில் அடிக்கடி விழுகிறார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கு அக்கா. கால் வழுக்கும்போது நாரியும் இடுப்பும் உடனே வளைந்து கொடுத்தால்தான் உடம்பு நிமிரும். நோ உள்ளவர்கள் பயத்தில் நாரியை இறுக்கிப் பிடித்தபடி நடப்பார்கள், தசையும் கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்யும், அதனால் சமநிலைப் பாரம் எல்லாம் கணுக்காலில் வந்து விழும். சிமெந்து நிலத்தில் கணுக்கால் சமாளிக்கும், ஈர வரம்பில் முடியாது. அம்மாவைப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்: நாரியைத் திருப்பாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து முழு உடம்போடு திரும்பினால் இதுதான் விசயமாக இருக்கலாம். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடித்து, மெல்ல இடமும் வலமும் சாய்க்கட்டும். ஆனால் விழுந்த பிறகு நோ கூடியிருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள், வயதானவர்களுக்கு முள்ளந்தண்டு எலும்பு நசிந்திருக்கலாம்.

பூநகரித் தம்பி: நாரிக்குப் பெல்ட் போட்டால் விழாமல் இருக்கலாமா?

பெல்ட் விழுகையைத் தடுக்காது. பாரமான வேலைக்குக் கொஞ்ச நேரம் போடலாம், அவ்வளவுதான்.

மல்லாவி ஐயா: எங்கள் அப்பு பலகையில் மூன்று கிழமை படுத்துத்தான் மாறினார். நீங்கள் அசையச் சொல்கிறீர்கள்!

ஐயா, சாதாரண நாரிப் பிடிப்பு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறையும். படுத்தே கிடந்தால் தொடைத் தசை வற்றும், பிறகு எழும்பி நடக்கிற முதல் நாட்களில்தான் விழுவார்கள்.

மல்லாவி ஐயா (மறுபடியும்): நோகும்போது எப்படி நடக்கிறது?

நோகிறது என்பதற்காக உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை ஐயா. நோ உள்ளவர் கிணற்றடி வரை நடந்து, இருந்து, திரும்பி வரட்டும். மூத்திரம் கட்டினாலோ, குண்டிப் பக்கமும் கவட்டுப் பக்கமும் உணர்வில்லாமல் விறைத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

விசுவமடு அண்ணை: முதுகில் செல் (குண்டு) துண்டு இருக்கு. எம்ஆர்ஐ (பலமான காந்தத்தால் எடுக்கிற ஸ்கான்) எடுக்கலாமா?

துண்டு இருக்கிறதை டொக்டரிடமும் ஸ்கான் எடுப்பவர்களிடமும் முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

ஒட்டுசுட்டான் தங்கச்சி: அப்பாவுக்கு எந்த பெல்ட் நல்லது?

பூநகரித் தம்பிக்குச் சொன்னதுதான்.

நெடுங்கேணி அக்கா: என் வீட்டுக்காரருக்கு நரம்பு நோவுக்குத் தந்த குளிசை குடித்தால் இரவில் தலை சுற்றுகிறது.

பிரிகபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை அப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இரவில் கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்துதான் எழும்ப வேண்டும். கக்கூஸ் வெளியில் என்றால் டோர்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும். மூத்திரம் கட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இவருக்கும் அதேதான்.