தரம் ஒன்று, இரண்டுப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்? ஒரு திருகோணமலை ரீச்சரின் பதில்கள்

திருகோணமலையில் 22 வருடமாகத் தரம் 1, 2 வகுப்புகளில் படிப்பித்து வருகிறேன். சின்ன வகுப்பில் நாளாந்தம் என்ன நடக்கிறது, பிள்ளைகளை வெளியே எப்படிக் கூட்டிப்போவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்த வருடம்தான் நியமனம் கிடைத்தது. தரம் 2, 31 பிள்ளைகள். கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு நாள் பஸ் கிடைக்கும். கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா, நிலாவெளி உப்பளம், கடற்கரை என்று ஐந்து இடம் போட்டிருக்கிறேன். நேரம் காணுமா? (புதிய ஆசிரியை)

பதில்: நேரம் காணும் தங்கச்சி, ஆனால் பிள்ளைகளின் மனதில் ஒன்றும் நிற்காது. நானும் முதல் வருடம் ஒரே நாளில் நாலு இடம் ஓடினேன். அடுத்த நாள், "நேற்றுப் பார்த்ததைக் கீறுங்கோ" என்றேன். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸைக் கீறியிருந்தார்கள். ஒருவன் பஸ்ஸுக்குள் சத்தி எடுத்த பிள்ளையையும் சேர்த்துக் கீறியிருந்தான். அவர்களில் பிழை இல்லை. அன்றைக்கு அவர்கள் கூடுதலான நேரம் இருந்தது பஸ்ஸுக்குள்தானே. அந்தப் படங்களை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

ஐந்தில் ஒன்றை எடுங்கள். பிரட்றிக் கோட்டை என்று வையுங்கள். உள்ளே ஓடாமல் முதலில் வாசலில் நில்லுங்கள். "இந்தக் கல்லில் மீன் ஒளிந்திருக்கு, கண்டுபிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். வாசல் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது, பாண்டியரின் சின்னம். முதலில் கண்ட பிள்ளை போடுகிற சத்தம் கடல்வரை கேட்கும். பிறகு ஒவ்வொருவராக விரலால் தடவட்டும். பழைய கோயிலை இடித்த கற்களால்தான் போர்த்துக்கேயர் கோட்டையைக் கட்டினார்கள் என்ற கதையை ஏழு வயதுக்கு, "இந்தக் கல் முந்தி வேறொரு வீட்டில இருந்தது" என்று சொன்னாலே விளங்கும். ஒல்லாந்தர் வந்ததும் 1795இல் ஆங்கிலேயர் பிடித்ததும் பெரிய வகுப்புக்கு இருக்கட்டும்.

அப்புறம் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்கள். நிழலில் இருத்தி, பத்து நிமிடம் வாய் திறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். கடினம்தான். ஆனால் வகுப்பிலேயே ஒரு கிழமை சாளரத்தால் காகத்தைப் பார்த்துப் பழகியிருந்தால் இருப்பார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், மான் இங்க பாக்குது, காது மட்டும் அங்கால திரும்புது" என்று காதோடு வந்து சொன்னது. எந்தப் பாடப்புத்தகத்தைப் பார்த்தும் அந்தப் பிள்ளை இதைச் சொல்லியிருக்காது.

கோட்டைக்குள்ளேயே இருக்கிற கோணேசர் கோயிலுக்கு ஏறுவதானால் காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். செருப்புக் கழற்றிய பிஞ்சுக் காலுக்கு மத்தியானக் கல் தாங்காது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒரு பெரியவரின் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஆள் காணாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: மகன் தரம் ஒன்று. கொப்பியைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. கேட்டால் "விளையாடினோம்" என்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ரியூசனுக்குப் போய் 100 வரை எழுதுகிறது. பயமாக இருக்கிறது. (உப்புவெளி, ஒரு அம்மா)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தரம் 1, 2 இரண்டும் சேர்ந்ததுதான் முதலாம் முதன்மை நிலை. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழியில் அங்கே படிப்பிக்கிறோம். 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலிருந்து இப்படித்தான். சின்ன வகுப்பில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் இடம் கூட, தரம் ஏற ஏற எழுத்து வேலை கூடும்.

"விளையாடினோம்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு காட்சி சொல்கிறேன். எங்கள் வகுப்பு மூலையில் ஒரு கடை இருக்கிறது. வெறும் சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி, புளியங்கொட்டைதான் காசு. ஒருத்தி ஐந்து கொட்டைச் சாமானுக்கு ஏழு கொட்டை கொடுத்தாள். கடைக்காரன் மிச்சம் கொடுக்கவில்லை. அவள் விடவில்லை. இரண்டு பேரும் கொட்டையை மேசையில் கொட்டி, ஐந்தை ஒதுக்கி, மிச்சம் இரண்டு என்று கண்ட பிறகுதான் சண்டை ஓய்ந்தது. கழித்தல் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான். கொப்பியில் ஒரு கோடும் இல்லை.

100 வரை எழுதுகிற பிள்ளையிடம் 13 கடலை எண்ணி எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ தடுமாறுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். உங்கள் மகனிடம் "என்ன எழுதினாய்" என்று கேட்காமல், "இன்றைக்கு யார் கடைக்காரன், நீ என்ன வாங்கினாய்" என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலை நினைத்து ஐந்து வயதுப் பிள்ளையை ரியூசன் வாங்கில் இருத்துவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நோகிறது.

கேள்வி: நான் கடற்றொழில். மகளின் ரீச்சர் வகுப்புக்கு வந்து தொழிலைப் பற்றிச் சொல்லக் கேட்கிறா. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால் என்ன சொல்வது? (திருக்கடலூர், ஒரு அப்பா)

பதில்: கட்டாயம் போங்கோ தம்பி. நான் நாலு நாள் படிப்பித்தாலும் வராத பாடம் உங்கள் கையில் இருக்கிறது. பேச்சு ஒன்றும் தேவையில்லை. கிழிந்த வலைத் துண்டு ஒன்று, வலை பொத்துகிற ஊசி, நாலைந்து மிதப்பு, ஈயம், இவ்வளவும் கொண்டுபோங்கள். நிலத்தில் இருந்து, பேசாமல் வலையின் கிழிந்த கண் ஒன்றைத் தைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் சுற்றி இருப்பார்கள், தாங்களாகக் கேட்பார்கள். மிதப்பையும் ஈயத்தையும் வாளித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். எது மேலே, எது கீழே, ஏன் வலைக்கு இரண்டும் வேண்டும்? சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் நாங்கள் படம் காட்டிச் சொல்வதை அவர்கள் கண்ணால் கண்டுவிடுவார்கள். வலையின் கண் பெரிதென்றால் எந்த மீன் தப்பும், சின்னதென்றால் எது அகப்படும் என்றும் கேளுங்கள். சூடையும் பாரையும் தெரியாத பிள்ளை நம் ஊரில் இல்லையே.

கரைவலை இழுத்த காலம் இருந்தால் ஒரு அம்பாப் பாட்டும் பாடிக் காட்டுங்கள். கயிறு ஒன்றைக் கொடுத்தால் வகுப்பே இழுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கத்தான் அந்தப் பாட்டு என்று சொல்லித்தரத் தேவையிராது. உங்கள் மகள் அன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளைத் திருகோணமலை நகருக்குக் கூட்டிவர விருப்பம். கோயிலுக்குள் போவதற்குச் சில வாப்பா உம்மாமார் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்? (கிண்ணியா, ஒரு ஆசிரியர்)

பதில்: சேர், தயங்குகிறவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கோட்டை வாசல், மான்கள், மேலிருந்து தெரிகிற கடல், இவ்வளவுமே ஒரு காலைக்கு நிறைய. கோயிலுக்குப் போக விரும்புகிற பிள்ளை இருந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு போகட்டும். இதையெல்லாம் புறப்பட முதலே கூட்டம் வைத்துப் பேசிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலைப் பார்க்க வந்தபோதும் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்கள் வாசலிலேயே இருக்கிற பாலத்தை ஏன் விட்டீர்கள்? கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பாலம் இல்லாத கிண்ணியாவே தெரியாது. "பாலம் வர முந்தி எப்படி அக்கரைக்குப் போனீங்க?" என்று மூத்தம்மாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். "பாதை" என்கிற மிதவையில் வாகனத்தோடு வாகனமாக நின்றது, கடைசிப் பாதை போய்விட்டால் இந்தக் கரையிலேயே நின்றது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வரும். "பாதை" என்றால் நடக்கிற பாதை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அது தண்ணீரில் போகும் என்று கேட்டதும் முகத்தைப் பார்க்க வேண்டும். தரம் இரண்டுக்கு வரலாறு இப்படித் தொடங்கினால் போதும்.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்று சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தா? (பலர்)

பதில்: கவனமாகப் போனால் அருமையான இடம். சின்னச் சின்னதாக, ஆழம் குறைந்த ஏழு கிணறுகள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சூடு ஒன்றுபோல் இல்லை. பயப்பட வேண்டியது சூட்டை விட வழுக்கலுக்குத்தான், நிலம் எப்போதும் ஈரம். வாளியில் அள்ளி, நீங்கள் முதலில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளின் கையில் ஊற்றுங்கள். நாங்கள் ஏழு வட்டம் கீறிய தாளைக் கொண்டுபோவோம். நல்ல சூட்டுக்குச் சிவப்பு, இளஞ்சூட்டுக்கு மஞ்சள். ஒருவன் சிவப்பு என்பான், பக்கத்துப் பிள்ளை மஞ்சள் என்பாள். திரும்பவும் கை வைத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு வேண்டியது அந்தத் "திரும்பவும்"தான். இராவணன் தாயாருக்குக் கடமை செய்ய நிலத்தில் குத்தியபோது ஊறியது என்ற கதையை வரும் வழியில் பஸ்ஸில் சொல்லுங்கள்.

கேள்வி: சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாத வீடுகள் இருக்கின்றன. (ஒரு பெற்றோர்)

பதில்: ஒரு பிள்ளை காசில்லாமல் வீட்டில் நிற்குமானால் அந்தப் பயணத்தை நான் வைப்பதில்லை. நடந்து போகிற தூரத்தில் தபாற்கந்தோர், தச்சுப்பட்டறை, சந்தை, வேப்பமரம் எல்லாம் இருக்கின்றன. ஒரே வேப்பமரத்துக்கு மாதம் ஒருமுறை போய், இலை, பூ, பழம் என்று பாருங்கள். ஒரு சதமும் செலவில்லை.

கேள்வி: ஐப்பசி தொடங்கினால் மழை. நாலு மாதம் வெளியே போக முடிவதில்லை. (மூதூர், ஒரு ஆசிரியை)

பதில்: மழையையே பாடமாக்குங்கள். சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி முற்றத்தில் வைத்தால் மழைமானி. காலையில் இரண்டு பேர் போய், தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு காகிதக் கீலத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். மார்கழி முடிய அந்தக் கீலங்களைப் பார்த்து, எந்தக் கிழமை கூட மழை என்று பிள்ளைகளே சொல்வார்கள். காற்றையும் விடாதீர்கள். வாடைக்கும் கச்சானுக்கும் ஒரு பட்டுத் துணித் துண்டு போதும், எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்க. "கச்சான் காற்று" என்றதும் வறுத்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள், அன்றைக்கு ஒரு பேணி கச்சான் கொண்டுபோய்விடுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு நடக்கும்போது தம்பலகாமத்து வயலுக்குப் போகலாம்.

கேள்வி: மகளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்வதில்லை, காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். சுற்றுலாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்கிறார்கள். (ஒரு அம்மா)

பதில்: அனுப்புங்கள் அம்மா. சுற்றுலாவுக்கு முந்திய சனிக்கிழமை நீங்களும் அவளுமாக அதே இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எங்கே இருக்கலாம், மலசலகூடம் எங்கே, எந்த இடத்தில் சத்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போகிற நாளில் பஸ்ஸில் முன் சீற், பக்கத்தில் அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளை. என் வகுப்பில் அப்படி வந்த ஒருத்திதான் மற்றவர்களுக்கு வழிகாட்டினாள், இடம் முன்பே தெரியும்தானே. ரீச்சரோடு நேரில் பேசுங்கள். மறுத்தால் அதிபரிடம் போங்கள்.

கேள்வி: தரம் இரண்டைப் புறாமலைக்குப் படகில் கூட்டிப்போகலாமா? (நிலாவெளி)

பதில்: நான் கூட்டிப்போக மாட்டேன். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை பார்க்கிற இடம். அதைப் பார்க்க நீந்தத் தெரிய வேண்டும். கரையில் நின்று தீவைக் காட்டுங்கள். சிப்பி பொறுக்கி வகை பிரிக்கவே காலை போய்விடும்.

கேள்வி: கோட்டைக்குப் போனபோது பிள்ளைகள் மானுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். ஆசையாகக் கொடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். பிழையா? (ஒரு ஆசிரியர்)

பதில்: கொடுக்க விடாதீர்கள் சேர். பிஸ்கட்டோடு அதன் உறையும் நிலத்தில் விழும். சாப்பாட்டு வாசத்துக்கு மான் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். அது வயிற்றில் அடைத்துச் செத்த மான்கள் நம் ஊரில் பல. நாங்கள் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணிப் போத்தலும் மட்டும்தான், ஏன் என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன்.

அப்படியும் ஒருத்தி பாணைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். சாப்பிட்டு முடிய அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பின்னேரம் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சீருடை தோய்க்கும்போது பொலித்தீன் இருந்ததாம், எறியப் போனால் பிள்ளை விடவில்லையாம். "எங்கட ஒழுங்கைக் குப்பைக்கும் இரவில மான் வரும் அம்மா" என்று சொல்லி, திரும்பவும் மடித்துத் தன் புத்தகப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாளாம்.