புரூட்டஸ் துரோகியா, தியாகியா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசர் மூன்றாம் அங்கத்திலேயே புரூட்டஸ் உள்ளிட்ட சதிகாரர்களால் கொல்லப்பட்டுவிடுகிறான். அப்படியானால் கதாநாயகன் புரூட்டஸா, ஆண்டனியா? புரூட்டஸைத் துரோகி என்பதா, தியாகி என்பதா? சுருக்கமாக ஒரே வரியில் விளக்க முடியுமா?
– கல்லூரி மாணவர் ஒருவர், கும்பகோணம்

பதில்: முடியாது. சீசரின் நண்பன் ஆண்டனியின் இரங்கல் உரை வரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டீர்கள் என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அந்த உரைக்குப் பிறகும் நாடகம் இரண்டு அங்கங்கள் நடக்கிறது.

முதலில், நீங்கள் படித்த பகுதியிலேயே கவனிக்காமல் விட்டதைச் சொல்கிறேன். முதல் அங்கத்தில் ரோமின் மூத்த அரசியல்வாதி சிசரோ வந்து, மனிதர்கள் எதையும் தம் மனப்போக்குக்கு ஏற்றபடி பொருள்கொள்வார்கள், அந்தப் பொருளுக்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கதை முழுவதும் அப்படித்தான் நகர்கிறது. சதியைத் தூண்டிய காசியஸின் ஏற்பாட்டில் சன்னல் வழியே எறியப்பட்ட கடிதத்தைப் புரூட்டஸ் தோட்டத்தில் பிரித்துப் படிக்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். கடிதத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. ரோம் ஒரு தனிமனிதனுக்கு அடங்கி நிற்பதா என்று மீதியை எழுதிச் சேர்ப்பவன் காசியஸ் அல்லன், புரூட்டஸேதான். அதற்குச் சற்று முன்புதான், சீசர்மீது தனக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை என்றும், அவன் அறிவை உணர்ச்சி வென்று தான் கண்டதில்லை என்றும் ஒப்புக்கொண்டு, முடிசூடினால் மாறிவிடக்கூடும் என்ற ஊகத்தின்மேல் கொலைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறான். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பவனைத் தியாகி என்று எப்படிச் சொல்வது? தனக்கென்று எதையும் விரும்பாதவனைத் துரோகி என்றுதான் எப்படித் தள்ளுவது?

காசியஸ் பொறாமைக்காரன், ஆனால் அரசியல் தெரிந்தவன். ஆண்டனியையும் கொல்ல வேண்டும், அவனை இறுதிச் சடங்கில் பேச விடக்கூடாது, இறுதிப் போர் நடக்கப்போகும் ஃபிலிப்பைக்கு நாமாகப் படை கொண்டு போகக்கூடாது என்று மூன்று முறை எச்சரிக்கிறான். தன் நேர்மைமேல் புரூட்டஸுக்கு இருந்த நம்பிக்கை அளவற்றது என்பதால், மூன்று முறையும் அவன் கேட்கவில்லை. நான்காம் அங்கத்தின் பாசறைச் சண்டை இன்னும் கூர்மையானது. லஞ்சம் வாங்குகிறாய் என்று காசியஸைக் கடிந்துகொள்ளும் அதே மூச்சில், என் படைக்கு நீ ஏன் பணம் அனுப்பவில்லை, கீழான வழியில் பணம் திரட்ட என்னால் முடியாது என்கிறான். கீழான வழியை இன்னொருவன் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதானே இதன் பொருள்! இதை எழுதியவர் புரூட்டஸை வழிபட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டனிக்கு வருவோம். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா வெள்ளிக்காசு என்று சீசரின் உயிலைப் படித்துக் காட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டவன் அவன். அந்தக் கூட்டம் சின்னா என்ற கவிஞனை, சதிகாரன் சின்னா அல்லன் என்று தெரிந்த பிறகும், பெயருக்காகவே அடித்துக் கொல்கிறது. அடுத்த காட்சியில் ஆண்டனி, சீசரின் வாரிசு ஆக்டேவியஸ், அவர்கள் கூட்டாளி லெப்பிடஸ் மூவரும் கொல்ல வேண்டியவர்களின் பெயர்களுக்குப் புள்ளி வைக்கிறார்கள். தன் சகோதரி மகனின் பெயருக்கும் ஆண்டனி புள்ளி வைக்கிறான். பிறகு அந்த உயிலையே கொண்டுவரச் சொல்கிறான், மக்களுக்குப் போக வேண்டிய பங்கில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு! எடுத்துவர லெப்பிடஸ் நகர்ந்ததும், பொன் சுமக்கும் கழுதை என்று அவனைப் பழிக்கிறான். ஆனாலும் யாரும் அருகில் இல்லாத நேரத்தில் சீசரின் உடலுக்கு முன் அவன் கலங்கியது நடிப்பு அல்ல.

தலைப்பைப் பற்றி: உயிரோடு மூன்றே காட்சிகளில் வரும் சீசர், செத்த பிறகுதான் எல்லோரையும் ஆட்டிவைக்கிறான். காசியஸின் பிணத்தருகே நின்று புரூட்டஸே இதை ஒப்புக்கொள்கிறான். வரலாற்றில் ஃபிலிப்பையில் கி.மு. 42இல் சில வாரங்கள் இடைவெளியில் நடந்த இரண்டு போர்களை ஷேக்ஸ்பியர் ஒரே நாளுக்குள் அடக்கியதால், அந்தப் பிடி இன்னும் இறுகித் தெரிகிறது.

கடைசியில் ஆண்டனி, ரோமானியர் எல்லோரிலும் மேலானவன் புரூட்டஸ் என்று புகழ்வதை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வென்றவன் தோற்றவன் உடலுக்கு முன் பேசுகிறான். பிணத்தருகே நின்று அவன் எப்படிப் பேசுவான் என்பதை முன்பே பார்த்துவிட்டோம். ஆக்டேவியஸோ அடக்கத்துக்கு ஆணையிட்ட கையோடு, வெற்றியின் பெருமையைப் பங்கிட்டுக்கொள்ள வாருங்கள் என்று கிளம்புகிறான். நான்காம் அங்கத்தை முழுதாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.