முதல் திருமணத்தை அழித்துவிட்டு எழுதப்படும் மறுவாழ்வு

கேள்வி: விவாகரத்துக்குப் பின் இடுக்கி மலையில் வண்டன்மேட்டிலுள்ள சித்தி வீட்டுக்கு வந்து, ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் வேலையில் சேரும் பெண்ணைத் தோட்ட உரிமையாளர் விரும்பி மணப்பதாக முடியும் காதல் நாவல் ஒன்றைப் படித்தேன், மனத்துக்கு இதமாக இருந்தது. மணவாழ்வு முறிந்து, மூன்று வயது மகனுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என் தங்கைக்கு அதைக் கொடுக்க நினைத்தேன். 'இதெல்லாம் அவள் மனத்தைக் கெடுத்துவிடும்' என்கிறார் அம்மா. சுபமாக முடிவதாலேயே அது மலிவான கதை என்கிறார் இலக்கிய நண்பர் ஒருவர். ஆசிரியர் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, நெடுங்கண்டம்

பதில்: தங்கைக்குத் தாராளமாகக் கொடுங்கள். அந்த நாவலை நானும் படித்தேன். அது யாருடைய மனத்தையும் கெடுக்காது. சுபமான முடிவும் குற்றமன்று. கணவனைப் பிரிந்த பெண்ணைக் கிணற்றிலோ ஆசிரமத்திலோ கொண்டுபோய் விட்டுக் கதையை முடித்த எழுத்துகளைத் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறோம். துயரத்தில் முடிந்த ஒரே காரணத்தால் அவை ஆழமான எழுத்தாகிவிடவில்லை.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் கடந்த பிறகு, முதல் கணவன் நாயகியைத் தொட்டதே இல்லை என்ற செய்தி வருகிறது. அது தெரிந்த பின்னரே நாயகன் தன் தாயிடம் திருமணப் பேச்சை எடுக்கிறான். இந்த ஏற்பாட்டை நம் குடும்ப நாவல்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். மறுமணத்தை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டே, முதல் திருமணம் நடக்கவே இல்லை என்று ஆக்கிய பிறகுதான் இரண்டாவதற்கு அனுமதி தருகிறார்கள். கணவனோடு வாழ்ந்து, ஒரு காலத்தில் அவனை நேசித்து, அவன் பிள்ளையைப் பெற்று, பிறகு இனி முடியாது என்று வெளியேறிய பெண்ணுக்கு அந்தக் கதையில் இடமில்லை. உங்கள் தங்கைக்கு இடமில்லை என்பதுதான் அதன் பொருள். நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இதில் என்னை மிகவும் வருத்துவது, கதை நடக்கும் மண்ணைவிடக் கதை கோழையாக இருப்பது. மலைக்குக் கீழே மதுரை, தேனி வட்டாரத்துச் சமூகங்கள் பலவற்றில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உறவை அறுத்துக்கொண்டு பெண் மறுமணம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே அத்தகைய வழக்கத்தின் வழியே வந்த மணமுறிவு உரிமையை 29(2)ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த வழக்கம் பெண்ணுக்கு முழு நியாயம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை யார் பக்கம் என்பதில் அவள் தோற்றதுண்டு. ஆனால், நீ அவனோடு வாழ்ந்தாயா என்று கேட்டு, இல்லை என்ற பதில் கிடைத்தால்தான் மறுமணம் என்று அது நிபந்தனை வைக்கவில்லை. கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியற்காலை ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களிடம் பேசிப் பார்த்தால், முறிந்த வாழ்வும் மறுபடி தொடங்கிய வாழ்வும் சாதாரணமாகவே வெளிவரும். நாவலில் அவர்கள் நாயகனின் ஜீப்பைக் கண்டு ஒதுங்கி நிற்கிறார்கள்; அத்துடன் சரி. குனிந்து செடியின் அடியில் படர்ந்த சரங்களில் விளைந்த காயை மட்டும் தேர்ந்து பறிக்கிற அந்தப் பெண்களில் ஒருத்தியாவது நாயகியின் தோழியாகியிருந்தால், அவளுக்குத் துணிவு தோட்ட உரிமையாளரிடமிருந்து மட்டுமே கிடைக்க வேண்டிய நிலை வந்திராது.

விவாகரத்தையும் ஆசிரியர் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார். அதே இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 13பி பிரிவின்படி, இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவதற்கே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. கணவன் வீடு தேனியிலும் தாய்வீடு இடுக்கியிலுமாக இருக்கும் பெண், தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போட 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. அதற்கு முன் அவள் மலையிறங்கிப் போய்வர வேண்டியிருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் நாவலில் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்பில் அப்படிப்பட்ட பெண் நகையைத் திரும்பக் கேட்கிறாள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறாள், கோயில் திருவிழாவுக்குப் போகலாமா என்று தயங்குகிறாள், சில இரவுகளில் பழைய கணவனை நினைத்து அழவும் செய்கிறாள். எழுதுவதற்கு அத்தனையும் இருந்தும் நாவல் நேரே ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் காயும் ஏலக்காயின் மணத்துக்கும் நாயகனின் பார்வைக்கும் தாவிவிடுகிறது. காதல் பின்னால் வரட்டும். அவள் தன் சம்பளத்தில் வாடகை கொடுத்து முதல் மாதத்தைக் கடந்த பிறகு வரட்டும். அப்போது அந்தக் காதல் இன்னும் இனிக்கும்.

உங்கள் தாயாரிடம் ஒன்று சொல்லுங்கள். தங்கையின் மனத்தில் ஆசை எழுவதை அவர் கேடு என்று எண்ண வேண்டாம். மூன்று வயது மகனோடு வந்தவளுக்கு அந்த ஆசைக்கு முழு உரிமை உண்டு, சட்டத்திலும்தான். நாவலைக் கொடுக்கும்போது, முதல் கணவனைப் பற்றிய அந்த அத்தியாயத்தை நம்ப வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். படித்த பின் தங்கை என்ன நினைக்கிறார் என்பதை எங்களுக்கு எழுதச் சொன்னால் மகிழ்வேன். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டோம்.