ஈனோ குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்: டர்பன் சிஸ்டரின் கேள்வி பதில்

ஆகஸ்ட் இங்கே தென்னாப்பிரிக்காவில் மகளிர் மாதம். அதனால் இந்த முறை பெண்களின் இதயம் பற்றிய கேள்விகளுக்கே முதலிடம். நான் இதய வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ், டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்பவர்களைக் கிளினிக்குக்குத்தான் அனுப்புவேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள்: மாமியாருக்கு வயது 61, சுகர் உண்டு. நேற்று ராத்திரி தாடையும் முதுகும் வலித்து, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஈனோ குடித்துப் படுத்தார். காலையில் சரியாகிவிட்டது. வாயுதானே சிஸ்டர்?

பதில்: வாயு என்று வீட்டில் இருந்தபடி யாரும் சொல்ல முடியாதும்மா. இதைப் படித்ததும் அவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இப்போது வலி இல்லை என்பதற்காக நாளைக்குத் தள்ளாதீர்கள். திரும்ப வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ 10177-ஐக் கூப்பிடுங்கள், செல்போனிலிருந்து 112.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சில்தான் பெரும்பாலும் தெரியும். ஆனால் நம் பெண்கள் அதை ‘வலி’ என்று சொல்வதில்லை. அழுத்துது, இறுக்குது, ஒரு மாதிரி இருக்குது என்பார்கள். கூடவே மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, தோள்பட்டைகளுக்கு நடுவே வலி, காரணமில்லாத அசதி எல்லாம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். நாள்பட்ட சுகரில் நரம்பு மரத்துப் போவதால் வலியே தெரியாமலும் போகலாம்.

இன்னொன்று. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

டோங்காட் தங்கச்சி: வயது 29. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். இப்போது பிரஷர் சரி. இனி மறந்துவிடலாமா?

பதில்: மறக்கக் கூடாது. இதுபோலக் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சுகரும் அப்படியே ஒரு முன்னெச்சரிக்கை. எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சுகரும் பாருங்கள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் உண்டாவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு ஆரம்ப மாதங்களிலேயே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பார்கள். எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது.

பனி பிரியன்: வாரம் ஒரு குவார்ட்டர் மட்டன் பனி, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே மட்டன் குழம்பு ஊற்றிய நம் டர்பன் ‘பன்னி சௌ’ (bunny chow), சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடுங்கள் தம்பி, ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம். இந்த நாட்டுச் சட்டம் 2016-லிருந்து ரொட்டியில் உப்புக்கு வரம்பு வைத்து, 2019-ல் அதை 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம் என்று இன்னும் இறுக்கியது. அந்த வரம்பு வரை இருந்தாலும் உங்கள் குவார்ட்டரின் ரொட்டியிலேயே 1.7 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராம்தான் கணக்கு. குழம்பும் ஆச்சாரும் அதற்கு மேல். கூட ஃபிஸ்ஸி ட்ரிங்க் வேண்டாம்.

ஐசிப்பிங்கோ அக்கா: தினம் வெறும் வயிற்றில் பூண்டு தின்றால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: பூண்டைக் குழம்பில் போடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வெருலம் தாத்தா: நெய்யைக் குறைக்கச் சொல்கிறீர்களே, அதை ஏன் குறை சொல்கிறீர்கள்? என் பாட்டனார் கரும்புத் தோட்டத்தில் நெய்ச் சோறு தின்று 90 வயது வாழ்ந்தார்.

பதில்: தாத்தா, 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கி இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய் அல்லது நெய் எல்லாம் ரேஷனாக அளந்து கொடுத்தார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இன்று பிரியாணி அண்டாவில் ஊற்றுவதுபோல யாரும் ஊற்றவில்லை. விடிந்ததிலிருந்து கரும்பு வெட்டினார்கள். அவர்களில் இளம் வயதில் செத்தவர்களின் கதையைச் சொல்ல இங்கே பேரப்பிள்ளைகள் இல்லை.

நெய் விளக்கு: சூரியகாந்தி எண்ணெய்தான் விஷம். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று வீடியோவில் டாக்டரே சொல்கிறாரே?

பதில்: நிறைகொழுப்பு தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல், நெய்யில் 60-க்கும் மேல், சூரியகாந்தியில் சுமார் 11. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது இந்த நிறைகொழுப்புதான். ஆனால் நல்ல எண்ணெய் என்று அதிலேயே சமூசாவைப் பொரித்து, மிச்ச எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி வைத்து அடுத்த வாரமும் பொரித்தால் நான் என்ன சொல்ல?

வெருலம் தாத்தா: அப்போது சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலில் நெய் போட்டது தப்பா?

பதில்: பண்டிகை தப்பில்லை தாத்தா, தைப்பூசத்துக்கு நானும்தான் சாப்பிடுகிறேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தைப்பூசம் ஆகிவிடுவதுதான் பிரச்சினை. நெய்ப் பேச்சு இத்தோடு போதும், இன்னும் பெண்கள் காத்திருக்கிறார்கள்.

ஃபீனிக்ஸ் டீச்சர்: பிரஷர் கிளினிக்கில் 162 காட்டுகிறது, வீட்டு மிஷினில் 134. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடி வந்து, சேலை ரவிக்கையின் கையைச் சுருட்டி மேலேற்றி, பக்கத்து நாற்காலிக்காரியோடு பேசிக்கொண்டே கையை நீட்டினால் அளவு ஏறத்தான் செய்யும். இறுகிய ரவிக்கையும், கையில் சுற்றும் மிஷின் பட்டை சின்னதாக இருப்பதும் சேர்ந்தால் இன்னும் கெடும். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில், கால் மேல் கால் வேண்டாம், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, அந்த நோட்டோடு மிஷினையும் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

மேரிட்ஸ்பர்க் அம்மா: பையனுக்கு அடிக்கடி தொண்டை வலி. இதயத்தோடு சம்பந்தம் உண்டாமே?

பதில்: உண்டு. ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணை விட்டுவிட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடும். வளர்ந்த பெண்ணுக்குக் கர்ப்பத்தில்தான் அது வெளியே தெரியும் என்பதும் நடக்கிறது. கிளினிக்கில் காட்டுங்கள், மருந்து கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு அக்கா: காலைப் பூண்டு பிரஷருக்கு…

பதில்: மேலே பாருங்கள்.

ஃபீனிக்ஸ் அண்ணன்: மனைவிக்கு இடுப்பு 96 செ.மீ. நடக்கச் சொன்னால் நேரமில்லை என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: நம் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் வேண்டும், ஆண்களுக்கு 90. உங்கள் இடுப்பையும் அளந்தீர்களா? ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், அவருக்கு அரை மணி கிடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் கிடைத்தால் 150 நிமிஷம், அதுதான் கணக்கு. தெருவில் தனியாக அனுப்ப வேண்டாம், பள்ளி மைதானத்தில் நாலு பெண்கள் சேர்ந்து நடக்கட்டும்.

வாட்ஸப் வைத்தியர்: இஞ்சி, எலுமிச்சை, பூண்டு, தேன் கஷாயத்தில் இதய ரத்தக் குழாய் அடைப்பு திறக்குமா?

பதில்: திறக்காது. ஈனோவிலும் திறக்காது.