டைப் ஒன் சர்க்கரை நோயும் வைரஸும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா): என் பையனுக்கு எட்டு வயது. கடும் காய்ச்சல் வந்து போன மூன்றாவது வாரத்தில் டைப் ஒன் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காய்ச்சல்தான் காரணமா டாக்டர்? நான் சரியாகக் கவனிக்கவில்லையா?

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லைம்மா. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெளியே தெரியாமலே அது நடக்கும். காய்ச்சலின்போது உடம்புக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். மிச்சமிருந்த செல்களால் ஈடுகொடுக்க முடியாமல் போனதும் நோய் தெரிந்திருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் வைரஸுக்குச் சம்பந்தமே இல்லையா?

பதில்: இருக்கிறது. நோய் தெரியும்போது வருகிற காய்ச்சலை விட, அதற்கு வெகு முன்னால் வந்து போன தொற்றின் மேல்தான் சந்தேகம். முக்கியமாக காக்சாக்கி பி என்ற எண்டரோவைரஸ் (குடலில் பெருகும் வைரஸ் வகை). 1979-ல் அமெரிக்காவில் சர்க்கரை முற்றி இறந்த பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் சர்க்கரை ஏறியது. இந்த வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதம் பீட்டா செல்களில் நிறையவே இருக்கிறது. அமெரிக்கா, பின்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனியில் பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த டெடி ஆய்வு 2019-ல் முக்கியமான ஒன்றைச் சொன்னது: எண்டரோவைரஸ் பி (காக்சாக்கி பி அடங்கிய பிரிவு) வந்ததும் போய்விடாமல் நீண்ட நாள் மலத்தில் தங்கிய குழந்தைகளிடம்தான் பீட்டா செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அதிகம் உருவாகின. ஆனாலும் வைரஸ் மட்டும் போதாது, மரபணு வாகும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. இந்தத் தொற்று வந்த பெரும்பாலான குழந்தைகளுக்குச் சர்க்கரை வருவதே இல்லையே.

கேள்வி: கிருமி அதிகமுள்ள ஊர்களில்தானே நோயும் அதிகம் இருக்க வேண்டும்?

பதில்: அருமையான கேள்வி. நடப்பது நேர்மாறு! டைப் ஒன் அதிகமுள்ள நாடு பின்லாந்து. எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் கரேலியாவில் எண்டரோவைரஸ் தொற்று அதிகம், மக்களின் மரபணு வாகும் ஏறக்குறைய அதேதான். ஆனால் டைப் ஒன் அங்கே சுமார் ஆறில் ஒரு பங்குதான். தொற்று சகஜமான இடத்தில் தாயின் எதிர்ப்பொருள்கள் கைக்குழந்தையைக் காக்கின்றன என்பது ஒரு விளக்கம். இன்னும் நிரூபணமாகவில்லை.

கேள்வி: தடுப்பூசியால் வருமா?

பதில்: வராது. டென்மார்க்கில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்பத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தாக்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் ஆபத்து கூடுதல். அதைத் தடுப்பதே தடுப்பூசிதான். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மகளுக்குத் தக்காளிக் காய்ச்சல் வந்து போனது. சர்க்கரை பார்க்கணுமா?

பதில்: அதற்காகவே பார்க்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் காக்சாக்கி ஏ வகையால் வருவது. ஆனால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, எடை குறைவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.