40 வயதுக்கு மேல் பியானோ கற்க முடியுமா? வீட்டில் இருக்கும் 61 கீ கீபோர்டு போதுமா?

தாராளமாகக் கற்கலாம். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் நடத்தும் கிரேடு தேர்வுகளுக்குக்கூட உச்ச வயது வரம்பு கிடையாது. ஆனால் ஆசைக்குக் கற்பவர் தேர்வுப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

61 கீ ஆரம்பத்துக்குப் போதும். பியானோவில் 88 உண்டு. எண்ணிக்கையைவிட முக்கியம், கீயின் கனம், அதாவது அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் எதிர்ப்பு. நிஜப் பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டும். அழுத்தும் வேகத்தைப் பொறுத்து ஓசை கூடும், குறையும். மலிவான கீபோர்டில் இந்தக் கனம் இருக்காது. அடுத்து வாங்கும்போது கனமான கீ உள்ள டிஜிட்டல் பியானோவாகப் பாருங்கள். ஹெட்போன் மாட்டி ராத்திரியிலும் வாசிக்கலாம், பக்கத்து வீட்டில் சண்டை வராது.

அப்புறம் விரல். சி மேஜர் ஸ்கேலில், அதாவது சி-யில் தொடங்கி அடுத்த சி வரை வெள்ளைக் கீகளிலேயே ஏறும் வரிசையில், எட்டு சுரம், நமக்கோ ஐந்து விரல். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என மூன்று சுரம் வாசித்ததும், கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து நான்காவதைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்காமல் இது வரும்வரை வேகத்தை மறந்துவிடுங்கள்.

இரண்டு கையையும் தனித்தனியே பழகிவிட்டு, பாதி வேகத்தில் சேர்த்து வாசியுங்கள். தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.