நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி, இரும்பு ஊதுலையில் கோக்குக்குப் பதிலாகப் போட முடியாதா?

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊதுலை என்பது அடியில் சூடான காற்றை ஊதித் தாதை இரும்பாக உருக்குகிற உயரமான உலை, கோக் என்பது நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கிற கெட்டிக் கரி. முடியும், ஆனால் காயவைத்துக் கொட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் உலோகவியல் படித்தவன் இல்லை, கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் 11 வருஷம் தேயிலை உலர்த்துகிற ஹீட்டருக்குத் தீ போட்டவன். 'உனக்கென்ன தெரியும்' என்று வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரு ஐப்பசி மழையில் விறகு கிடைக்காமல் முதலாளி ஒரு லாரி பழுப்புக் கரி இறக்கினார். அள்ளினால் கை சில்லென்றது, எடையில் பாதி தண்ணீர்தான். ஹீட்டர் வெக்கையில் பரப்பி வைத்தோம். காயக் காயக் கட்டியெல்லாம் வெடித்து, நாலாம் நாள் பாதிக்குமேல் பொடி. அதைப் போட்டதும் கிரேட் (கரி எரிகிற இரும்புக் கம்பித் தட்டு) இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது, கீழேயிருந்து காற்றே ஏறவில்லை, ட்ரையரில் சூடு இறங்கி டீத்தூள் அரைகுறையாகக் காய்ந்து வந்தது. குவித்து வைத்த மீதி ஒரு ராத்திரி யாரும் கொளுத்தாமல் தானாகவே புகைய ஆரம்பித்தது.

முழங்கால் உயரக் கரிக்கே இந்தக் கதி. பெரிய ஊதுலையில் தாதும் கோக்குமாக 20 மீட்டருக்கு மேல் அடுக்கி நிற்கும். தாது உருகின இடத்திலும் நொறுங்காமல் பாரத்தைத் தாங்கிக் காற்றுக்கு வழிவிடுவது கோக் ஒன்றுதான். கோக் ஆகிற கரி சூட்டில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். பழுப்புக் கரி இளகவே இளகாது. அதனால் பொடித்து, உலர்த்தி, அச்சில் அழுத்தி, காற்றுப் படாமல் சுட வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் லௌக்ஹாமரில் 1952இல் இப்படித்தான் கோக் எடுத்தார்கள், அதையும் கால்பே என்ற ஊரில், பாரம் குறைந்த குட்டை உலைகளில்தான் போட்டார்கள். நெய்வேலியில் முன்பு செய்த லெக்கோ என்ற அடுப்புக் கரிக்கட்டியும் ஏறக்குறைய இதே வழிதான். எங்கள் வீட்டில் அப்போது மார்கழிக் குளிருக்குக் குமுட்டி அடுப்பில் அதைப் போட்டோம், புகையே வராது.

சுலபமான வழி ஒன்று உண்டு. கோக்கை அப்படியே விட்டுவிட்டு, அதில் ஒரு பங்குக்கு மட்டும் ஈடாக, உலர்த்திய கரியை மாவாக அரைத்து ஊதுகுழாய் வழியாகக் காற்றோடு உள்ளே அடிப்பது. கட்டியாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை, ஈரம் போனால் சரி. ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுங்கள்.

அப்புறம், அந்த வாரம் கெட்ட டீத்தூளுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். கரி வாங்கினது நானா? இலை கொண்டுவந்த சிறு விவசாயிகளுக்கும் 'தரம் இல்லை' என்று கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தார்கள். இலையில் ஒரு குறையும் இல்லை, நான்தான் கண்ணால் பார்த்தேனே.